கடல் கடந்த குடித்தனம்: பெண்ணைக் கம்யூனிடி காலேஜில் சேர்க்கலாமா?

"ஏண்டி, பேத்தியை ஏதோ டுடோரியல் காலேஜிலே சேர்த்திருக்கியாமே?" என்று கும்பகோணத்திலிருந்து மாமியார் போனில் கேட்டாராம். எங்கள் மாடி வீட்டுத் தோழி கண் கலங்கச் சொன்னாள். பரீட்சையில் தவறியவர்கள் போகிற இடம் என்றுதான் ஊரில் பலருக்கும் எண்ணம். அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற சகோதரிகளும், அக்கா தங்கைகளை இங்கே அனுப்பிவிட்டு அங்கிருந்து விசாரிக்கிறவர்களும் விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளட்டுமே என்றுதான் இந்தத் தடவை இதை எடுத்துக்கொண்டேன். நான் இருப்பது கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு.

இங்கே பட்டப் படிப்பு நான்கு வருஷம். முதல் இரண்டு வருஷப் பாடங்களைக் கம்யூனிடி காலேஜில் முடித்துவிட்டு, மூன்றாம் வருஷத்துக்கு யூனிவர்சிடியில் போய்ச் சேரலாம். யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழி இல்லை இது. 1960-லேயே மாநிலம் ஒரு பெருந்திட்டம் போட்டு வகுத்த ராஜபாட்டை. கடைசியில் கைக்கு வருகிற பட்டத்தில் யூனிவர்சிடியின் பெயர்தான் இருக்கும். மாமியாருக்கு இதை முதலில் சொல்லியிருக்கலாம்!

செலவைப் பாருங்கள். மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மாற்றலுக்கு வேண்டியது 60 யூனிட். ஆக இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 2,760 டாலர். குப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா போன்ற குவார்ட்டர் முறைக் காலேஜ்களில் யூனிட்டுக்கு 31 டாலர், 90 யூனிட் வேண்டும். கணக்கு ஏறக்குறைய அதேதான். புஸ்தகமும் பஸ் செலவும் தனி. ஸ்டேட் யூனிவர்சிடியிலோ ஒரு வருஷச் சம்பளமே 6,000 டாலரைத் தாண்டுகிறது. முதல் முறையாக முழுநேரம் சேரும் பிள்ளைகளுக்கு இந்தச் சம்பளத்தையும் தள்ளுபடி செய்கிற கம்யூனிடி காலேஜ்கள் உண்டு. விசாரிக்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஆனால் 60 யூனிட் சேர்ந்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த 60 என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் என்ஜினீயரிங் படிக்க ஆசைப்பட்டான். முதல் வருஷம் லேசான பாடங்களாகப் பார்த்து எடுத்தான். இங்கே கால்குலஸும் பிஸிக்ஸும் மாடிப்படி மாதிரி. முதல் படி ஏறாமல் இரண்டாவதில் கால் வைக்க விடமாட்டார்கள். யூனிட் என்னவோ குவிந்துவிட்டது, வேண்டிய பாடங்கள் முடியவில்லை. இரண்டு வருஷம் மூன்றாகிவிட்டது. அந்த ஒரு வருஷத்துக்கு வீட்டு வாடகையும் சாப்பாடும் யார் தருவது? மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும்.

அதனால் போய்ச் சேர வேண்டிய யூனிவர்சிடியையும் படிப்பையும் முதலில் தீர்மானித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் காலேஜில் படித்த எந்தப் பாடம் அந்த யூனிவர்சிடியில் எதற்கு ஈடு என்று பார்ப்பதற்காகவே 'அசிஸ்ட்' என்ற அரசாங்கப் பட்டியல் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டாம். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பருவமும் காலேஜ் கவுன்சிலரைப் பார்க்கச் சொல்லுங்கள். சேரும்போது ஒரே ஒரு தடவை பார்த்தால் போதாது. ஸ்டேட் யூனிவர்சிடிக்குப் போக எழுத்து, பேச்சு, தர்க்க சிந்தனை, கணக்கு ஆகிய நாலிலும் சி மைனஸாவது வாங்கியிருக்க வேண்டும். இதில் பேச்சு வகுப்பைத்தான் நம் பெண்கள் கூச்சப்பட்டுக் கடைசி வரை தள்ளிப்போடுகிறார்கள்.

2010-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, மாற்றலுக்கென்றே உள்ள அசோசியேட் டிகிரி முடித்தவர்களுக்கு ஸ்டேட் யூனிவர்சிடி வளாகங்களில் ஏதோ ஒன்றில் இடம் நிச்சயம். கேட்ட ஊரும் கேட்ட படிப்பும் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ், நர்ஸிங் போன்றவற்றில் கூட்டம் நெரிகிறது. அதற்கு மார்க் நன்றாக வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் வளாகங்களும் உண்டு. வீட்டிலிருந்தே போய்வர நினைப்பவர்கள் அதையும் கேட்டு வையுங்கள்.

வீட்டிலிருந்தே என்று சொன்னதும் இன்னொன்று மனசில் படுகிறது. பையன் படிக்கிறான் என்றால் அறைக்கதவைச் சாத்தி வைக்கிறோம். பெண் என்றால், "வீட்டிலேதானே இருக்கே, தம்பியை நீச்சல் கிளாஸில் விட்டுட்டு வாயேன்" என்கிறோம். அப்படியே மளிகை, விருந்தாளி, பாட்டியின் டாக்டர் என்று ஒவ்வொன்றாக அவள் தலையில் ஏறிக்கொள்கிறது. விடுதியில் இருந்தால் அவளை யார் கூப்பிட முடியும்? என் தோழி அடுக்களைச் சுவரில் பெண்ணின் வகுப்பு அட்டவணையை ஒட்டிவிட்டாள். அந்த நேரங்களிலும் இரவு எட்டுக்கு மேலும் அவளை ஒரு வேலைக்கும் கூப்பிடுவதில்லை. காரோட்டும் வேலை இப்போது அப்பாவுக்கு! முதலில் முணுமுணுத்தார், பழகிவிட்டது.

இன்னொரு சந்தோஷமான சமாசாரம். பதினெட்டு வயது முடிந்திருந்தால் ஹைஸ்கூல் சான்றிதழ் இல்லாதவர்களும் கம்யூனிடி காலேஜில் சேரலாம். பெண்ணின் வகுப்பில் பேரன் எடுத்த ஒரு அம்மாளும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாராம்.

ஸ்டேட் யூனிவர்சிடிக்கு மனு போடும் காலம் அக்டோபர் 1-லிருந்து டிசம்பர் 1 வரை. அது அடுத்த ஆவணியில் ஆரம்பிக்கும் வகுப்புக்கு. இடம் கிடைத்துவிட்டது என்று கடைசிப் பருவத்தில் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. மார்க் விழுந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. பரீட்சை முடிந்து மார்க் வந்ததும், படித்த ஒவ்வொரு காலேஜிலிருந்தும் கடைசி டிரான்ஸ்கிரிப்டைக் கெடுவுக்குள் அனுப்பச் சொல்ல வேண்டும். கோடையில் ஒரே ஒரு பாடம் வேறு காலேஜில் படித்திருந்தால் அதையும் சேர்த்துத்தான்.