யோசுவாவின் நாளும் கைபேசிக்குள் இருக்கும் வேதாகமமும்

கிறிஸ்தவ வாட்ஸ்அப் குழுக்களில் சாகாவரம் பெற்ற செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிரீன்பெல்ட்டில் நாசா விஞ்ஞானிகள் கோள்களின் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்களாம். கணினி திடீரென்று நின்றுவிட்டதாம். காலக்கணக்கில் ஒரு நாள் குறைந்ததாம். குழுவில் இருந்த ஒரு விசுவாசி, சூரியன் நின்ற கதையைச் சொல்லும் யோசுவா பத்தாம் அதிகாரத்தை எடுத்துக் காட்ட, 23 மணி 20 நிமிடம் சரியாகிவிட்டதாம். மீதி 40 நிமிடமோ எசேக்கியாவுக்காக ஆகாஸின் சூரியகடியாரத்தில் நிழல் பத்துப் பாகை பின்னால் போன கணக்கில் சேர்ந்ததாம். கீழே வரிசையாக 'ஆமென்' விழுகிறது. இந்தக் கதையைப் பரவலாக்கியவர் ஹரால்டு ஹில் என்ற அமெரிக்கத் தொழிலதிபர். 1974-இல் வந்த அவருடைய நூலிலும் இது இருக்கிறது. நாசாவின் காடர்டு மையம் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அந்தக் காலத்திலேயே மறுத்துவிட்டது. சுவாரசியம் அதற்கும் முன்னால் இருக்கிறது. 1936-இல் ஹாரி ரிம்மர் என்ற போதகர் இதே காணாமல்போன நாளைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னால், 1890-இல், டோட்டன் என்ற ராணுவ அதிகாரி எழுதியிருக்கிறார். அப்போது நாசாவும் இல்லை, கணினியும் இல்லை. கணினி என்றாலே ஜனங்கள் வாய்பிளந்த காலம் வந்ததும், பழைய கதைக்குள் புதுச் சாட்சியாக அதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் சாட்சி கூண்டில் ஏறவே முடியாது என்பதை, கணினி எப்படி வேலை செய்கிறது என்று அறிந்த யாரும் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். சூரியனும் சந்திரனும் இன்று இருக்கும் இடத்தைக் கொடுத்தால், மூவாயிரம் ஆண்டுக்கு முன் எங்கே இருந்திருக்கும் என்று கணினி சொல்லும். அந்த விடை சரியா தவறா என்று பார்க்க, அந்தக் காலத்தில் யாராவது வானத்தைப் பார்த்து எழுதிவைத்த குறிப்பு தனியாக வேண்டும். அது இல்லாமல் எதுவும் 'குறைய' வழியில்லை. அப்படிக் குறிப்பு கிடைத்த இடத்தில் நடந்தது கட்டுக்கதையைவிட அழகு. கி.மு. 136-இல் பாபிலோனில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தைக் களிமண் பலகையில் பதிந்து வைத்திருக்கிறார்கள். பூமி எப்போதும் இன்றைய வேகத்திலேயே சுற்றிவந்தது என்று வைத்துக் கணக்கிட்டால், அந்தக் கிரகணம் பாபிலோனுக்கு வெகு மேற்கே விழுந்திருக்க வேண்டும். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல். காரணம், சந்திரனால் எழும் கடல் அலையேற்றத்தின் உராய்வு பூமியின் சுழற்சியை மந்தப்படுத்தி, ஒரு நாளின் நீளத்தை நூற்றாண்டுக்கு ஏதோ சில மில்லிவினாடி கூட்டுகிறது என்பதுதான். இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

கணினியை விசுவாசத்துக்குச் சாட்சியாக இழுப்பதைக்கூட ஆர்வக்கோளாறு என்று விட்டுவிடலாம். இழுத்த அதே கை, அந்தக் கணினிக்குள் இருக்கும் இயற்பியல் வாய் திறந்தால் அதன் வாயைப் பொத்துவதைத்தான் விட முடியவில்லை. புதுக் கைபேசி வந்த மாதமே வாங்குகிறோம். ஆராதனையை நேரலையில் விடுகிறோம். அந்த நேரலையிலேயே 'பூமிக்கு ஆறாயிரம் வயதுதான், கதிரியக்கக் கணக்கெல்லாம் விஞ்ஞானிகளின் யூகம்' என்று பிரசங்கிக்கிறோம். தொழில்நுட்பத்தை ஏற்று, அதைப் பெற்றெடுத்த அறிவியலை மறுக்கும் இந்த ஏற்பாடு தர்க்கத்துக்கு மட்டுமல்ல, விசுவாசத்துக்கும் கேடு. காரணத்தைக் கைபேசிக்குள்ளேயே காட்டலாம்.

ஆதியாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் முதல் எழுத்து 'ஆ'. கைபேசியில் யூனிகோடு (UTF-8) எழுத்தாக, சுருக்காமல் வைத்தால், இது மூன்று பைட், அதாவது 24 பிட். ஓர் அறைக்கு மூன்று பிட் பிடிக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எட்டு அறைகள் போதும். ஒவ்வோர் அறையிலும் எத்தனை எலக்ட்ரான் அடைபட்டிருக்கிறது என்பதுதான் அங்கே எழுதியிருக்கும் செய்தி. அறையைச் சுற்றி மின்சாரம் கடத்தாத ஆக்சைடு சுவர். அதன் தடிமன் தலைமுடியில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பழைய இயற்பியலின்படி அந்தச் சுவரைத் தாண்ட எலக்ட்ரானுக்குத் தெம்பு கிடையாது. ஆனால் எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்வதால், வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் சுவரின் மேலே ஏறாமலே ஊடுருவி உள்ளே போய்விடுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் அங்கேயே அகப்பட்டுக்கொள்கிறது. குவாண்டம் டனலிங் என்ற இந்த ஊடுருவலுக்கு, வலுவான மின்புலத்தில் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவருவதை வைத்து ஃபௌலரும் நார்ட்ஹைமும் 1928-இல் சூத்திரம் எழுதினார்கள். 1980-களில் டோஷிபாவின் ஃபூஜியோ மசுவோக்கா ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியபோது அது சந்தைச் சரக்காயிற்று. இன்று நம் வேதாகம ஆப் முழுவதும் அப்படிச் சுவருக்குள் அடைபட்ட எலக்ட்ரான்கள்தான்.

அதே 1928-இல் ஜார்ஜ் காமவ், அவரைச் சாராமல் கர்னியும் காண்டனும், வேறொரு புதிரை இதே ஊடுருவலால் அவிழ்த்தார்கள். யுரேனிய அணுக்கருவுக்குள் இருக்கும் ஆல்பா துகளுக்கும் வெளியே வரத் தெம்பு போதாது. ஆனாலும் எப்போதோ ஒன்று சுவரை ஊடுருவி வந்துவிடுகிறது. எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்பதைச் சுவரின் உயரமும் தடிமனும் தீர்மானிக்கின்றன. அந்த விகிதத்தால்தான் யுரேனியம்-238-இன் அரை ஆயுட்காலம் 447 கோடி ஆண்டுகளாக இருக்கிறது. யுரேனியம் கடைசியில் ஈயமாக மாறுகிறது. பாறையிலும் விண்கல்லிலும் இருக்கும் ஈய ஐசோடோப்புகளை அளந்து, 1956-இல் கிளேர் பேட்டர்சன் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று அறிவித்தார். அந்த எண் இன்றுவரை பெரிதாக அசையவில்லை. சுருக்கமாகச் சொன்னால், 'ஆ' என்ற எழுத்தைக் கைபேசியில் பிடித்துவைத்திருக்கும் விதியும் பூமியின் வயதைச் சொல்லும் விதியும் ஒரே விதி, ஒரே ஆண்டில் எழுதப்பட்ட சமன்பாடுகள். ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மற்றொன்றைப் பொய் என்று சொல்ல முடியாது.

இந்த முரண் நம் கண்ணில் படாமல் இருப்பதற்குச் சபை மட்டும் காரணமில்லை. விற்கும் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. 1978-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த கையேட்டில் மின்சுற்று வரைபடமே அச்சாகியிருந்தது. வாங்கியவர் மூடியைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்த்தார்கள். இன்று பேட்டரியைக்கூடப் பசைபோட்டு ஒட்டி, வழவழப்பான கண்ணாடிப் பலகையாகக் கையில் கொடுக்கிறார்கள். விளம்பரத்தில் வருவது 'மேஜிக்'. அற்புதம் என்று விற்றதை அற்புதம் என்றே ஜனங்கள் வாங்கிக்கொண்டார்கள். பின்னால் நூறு ஆண்டு அளவீடும் சர்ச்சையும் தோல்வியும் இருப்பது தெரியாதபோது, கைபேசி ஒரு பக்கமும் அறிவியல் வேறு பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்காகப் போராடுகிறவர்கள் பெரும்பாலும் காசுக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். என் கணிப்பில், திறக்க முடியாத பொருள் சிந்தனையையும் மூடிவைக்கிறது.

இந்த முரணைச் சுட்டிக்காட்டினால் வரும் பதில்களில் முதலாவது எளிமையானது. பஸ்ஸில் ஏறுகிறவர் எஞ்சின் தத்துவத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டுமா? வேண்டாம்தான். பயன்படுத்துகிறவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. ஆனால் அதே பஸ்ஸில் மைக் பிடித்து, எஞ்சின் என்ற ஒன்றே கிடையாது என்று மற்றவர்களுக்குப் போதிக்கிறவருக்கு உண்டு. இரண்டாவது பதில் கொஞ்சம் கெட்டி. இன்று ஆய்வகத்தில் சோதிக்கிற அறிவியல் வேறு, யாரும் பார்க்காத பழங்காலத்தைப் பற்றிய அறிவியல் வேறு. முதலாவதை ஏற்கிறோம், இரண்டாவது வெறும் ஊகம் என்கிறார்கள். பழங்காலத்தைப் பார்க்க முடியாது என்பதே தவறு. 1987 பிப்ரவரியில் தென் அரைக்கோளத்தில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த சூப்பர்நோவா, ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்தது. அதில் உண்டான கோபால்ட்-56, இங்கே ஆய்வகத்தில் எப்படியோ அப்படியே 77 நாளுக்குப் பாதியாகக் குறைந்ததை, வெடிப்பின் வெளிச்சம் மங்கிய வேகத்தில் கண்டார்கள். அத்தனை ஆண்டுக்கு முன் நடந்த கதிரியக்கச் சிதைவை நேரடியாகப் பார்த்த மாதிரிதான் அது.

அப்படியானால் யுரேனியம் மட்டும் முன்பு வேகமாகச் சிதைந்திருக்கலாமே என்பது அடுத்தது. இதை இளம்பூமிக்காரர்களே முயன்று பார்த்துவிட்டார்கள் என்பதுதான் விசேஷம். அமெரிக்காவில் படைப்புவாத ஆய்வு நிறுவனம் ஒன்று எட்டு ஆண்டு நடத்திய 'ரேட்' திட்டம், 2005-இல் வந்த தன் அறிக்கையில், இன்றைய விகிதப்படி கோடிக்கணக்கான ஆண்டு எடுக்கும் அளவுக்குச் சிதைவு நடந்திருப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது. அது முழுவதும் சில ஆயிரம் ஆண்டுக்குள் வேகமாக நடந்தது என்று வாதிட்டது. அத்தனை வெப்பமும் ஒருசேர வெளிப்பட்டால் பூமி எப்படித் தப்பியது என்ற கேள்விக்கு, தெரிந்த இயற்பியலில் விடையில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். இன்னொரு பக்கம், ஆப்பிரிக்காவின் கபோனில் ஓக்லோ சுரங்கத்தில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுக்கு முன் யுரேனியத் தாது தானாகவே அணு உலையாக எரிந்த அடையாளத்தை 1972-இல் கண்டுபிடித்தார்கள். அது விட்டுப்போன தனிமங்களை அளந்தால், அணுவை ஆளும் மாறிலிகள் அன்றும் ஏறக்குறைய இன்றைய அளவிலேயே இருந்தன என்று தெரிகிறது.

கடைசியாக வருவது அறிவியல் வாதமே இல்லை: தேவன் பூமியைப் படைக்கும்போதே வயதானதுபோலப் படைத்திருக்கலாம். 1857-இல் பிலிப் காஸ் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் இதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். பக்தர்களே அதை ஏற்கவில்லை. அவருடைய நண்பரும் ஆங்கிலிக்கன் குருவானவருமான சார்லஸ் கிங்ஸ்லி, தேவன் பாறைகளில் மாபெரும் பொய்யை எழுதிவைத்தார் என்று தம்மால் நம்ப முடியாது என்று பதில் சொன்னார். ஆறாயிரம் ஆண்டைக் காப்பாற்றுவதற்காகச் சிருஷ்டிகரின் நேர்மையை அடகுவைக்கும் பேரம் அது. கிங்ஸ்லிக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னாலேயே அகஸ்டின், வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிகளுக்கே நன்றாகத் தெரிந்த விஷயங்களில் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பேரில் உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவர்கள் பேசுவதை யார் கேட்பார்கள் என்று கவலைப்பட்டிருக்கிறார். இன்று கேட்பவர் வேறெங்கும் இல்லை, நம் வீட்டில் பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் பிள்ளைதான். பாடப்புத்தகத்தில் அரை ஆயுட்காலம் வருகிறது; ஞாயிற்றுக்கிழமை அது பொய் என்கிறார்கள்; இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் அது எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். இத்தனையையும் விட்டுக்கொடுத்த பிறகு வேதாகமத்துக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்குள்ளும் அதே தவறு ஒளிந்திருக்கிறது: வேதம் அறிவியலோடு போட்டியிடும் கையேடு என்ற எண்ணம். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931-இல் சொன்ன ஜார்ஜ் லெமேத்ர் கத்தோலிக்கக் குரு. 1951-இல் போப் 12-ஆம் பயஸ் அந்தக் கோட்பாட்டைச் சிருஷ்டிப்புக்கு ஆதரவாகப் பேசியபோது, மகிழ்ந்திருக்க வேண்டியவர் சங்கடப்பட்டார். தம் கோட்பாடு நாளைக்கே தவறிப்போனால் தேவனும் தவறிப்போவாரா என்ன? கணினியிலும் இதே பாடம் உண்டு. 1997-இல் மைக்கேல் டிராஸ்னின் 'பைபிள் கோட்' என்ற நூலில், எபிரேய எழுத்துகளைச் சம இடைவெளியில் தாவித்தாவிப் படித்தால் இஸ்ரேல் பிரதமர் ராபினின் கொலை முன்னறிவிக்கப்பட்டிருப்பதாக எழுதினார். நூல் சக்கைப்போடு போட்டது. ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் பிரெண்டன் மெக்கே அதே முறையில் 'மோபி டிக்' நாவலைக் கணினியில் தேடி, இந்திரா காந்தியின் கொலையைக்கூட அதிலிருந்து எடுத்துக் காட்டினார். இத்தனை எழுத்துக் குவியலில் தேடினால் எதுவும் கிடைக்கும். கணிப்பொறி அறிவியலின் மூத்த பெயர்களில் ஒருவரான டொனால்டு கனூத், லுத்தரன் விசுவாசி, வேதாகமத்தில் மாதிரி எடுக்கும் புள்ளியியல் முறையை வேறுவிதமாகப் பயன்படுத்தினார். ஏறத்தாழ ஒவ்வொரு புத்தகத்திலும் மூன்றாம் அதிகாரம் 16-ஆம் வசனத்தை எடுத்து, அதைப் பற்றி அறிஞர்கள் எழுதியதை நூலகத்தில் தேடிப் படித்து, உலகின் சிறந்த எழுத்தோவியர்களைக் கொண்டு எழுதவைத்து நூலாக்கினார். எதையும் நிரூபிக்க அவர் முயலவில்லை. தனக்குப் பிடித்த வசனங்களையே திரும்பத் திரும்பப் படிக்கும் பழக்கத்திலிருந்து தப்பிக்க அந்த முறை உதவியது. நல்ல பொறியாளர் பக்திக்கு வந்தால் இப்படித்தான் வருவார் என்று தோன்றுகிறது.

சென்னை பரங்கிமலையின் பாறைக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல் இந்தப் பகுதியிலிருந்து போனது. அதைக் கண்டு தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். இந்தப் பாறைக்குள் சிர்க்கான் என்ற சிறு மணிகள் இருக்கின்றன. அவற்றில் அகப்பட்ட யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து, சென்னையைச் சுற்றியுள்ள சார்னோக்கைட்டின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்கிறார்கள். மரபின்படி அந்த மலையில் இரத்தம் சிந்தியவர், கண்ணால் கண்டு கையால் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்ன தோமா. படியேறி வரும் பக்தர் மூச்சு வாங்கி உட்கார்ந்து, கைபேசியில் ஆதியாகமத்தைத் திறக்கிறார். கையில் எலக்ட்ரான்கள் தம் சுவருக்குள் இருக்கின்றன. காலடியில் ஆல்பா துகள்கள் தம் சுவரை ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருக்கின்றன.