எந்த தெரபி எனக்கு செட் ஆகும்? பெயரைப் பார்க்காதீங்க, பிரச்னையைப் பாருங்க!

"சிபிடி-யா, கவுன்சலிங்கா, மாத்திரையா, தியானமா?"

மனச்சோர்வோ பதற்றமோ இருக்கிறது, உதவி தேடலாம் என்று முடிவெடுத்த ஒருவர் முதலில் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். புதுச்சேரியில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். ஒரு பக்கம் ஜிப்மரும் அரசு மருத்துவமனையும். இன்னொரு பக்கம் யோகா, தியானம், 'ஹீலிங்' போர்டுகள். போதாக்குறைக்கு மொபைலைத் திறந்தால் ஆன்லைன் தெரபி விளம்பரங்கள். எதில் நுழைவது என்று யோசித்தே மாதங்கள் ஓடிவிடும்.

இந்தத் தாமதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, புதுச்சேரியில் ஒரு லட்சம் பேருக்கு 29.7 தற்கொலைகள். இந்திய சராசரி 12.4. இதற்குக் கடன், குடி, நோய், குடும்பச் சண்டை எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால், சிகிச்சை கிடைத்தால் குறையக்கூடிய காரணங்களில் மனச்சோர்வு முக்கியமானது. 2015-16 தேசிய மனநல ஆய்வோ, மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 85 பேர் சிகிச்சையே பெறவில்லை என்கிறது.

எனவே, இந்த வாரம் தெரபியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

கோவாவில் என்ன செய்தார்கள்?

நம் ஊரைப்போலவே ஐரோப்பியர் ஆட்சியில் இருந்த இன்னொரு கடற்கரை ஊர், கோவா. அங்கே 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது.

ஆலோசகர்களாக இருந்தவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற உள்ளூர் ஆட்கள். தீவிர மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 6 முதல் 8 செஷன், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக. செய்ததும் எளிமையானதுதான். விட்டுப்போன வேலைகளையும் பழக்கங்களையும் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்க வைத்தார்கள். மூன்று மாதத்தில் இந்தக் குழுவில் 64 சதவிகிதம் பேர் மனச்சோர்வு வரம்பைவிட்டு வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவிகிதம்.

இதில் நமக்கு இருக்கும் சேதி: பெரிய பெயரோ, பெரிய ஃபீஸோ தேவையில்லை. பிரச்னைக்குப் பொருந்தும் ஒரு முறையை, பாதியில் விடாமல் முடிப்பதுதான் முக்கியம்.

உங்களுக்கு எது சிக்கல்?

*எதுவுமே செய்யத் தோன்றவில்லையா?* கோவாவில் பயன்பட்ட 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' இதற்குத்தான். 'மனசு சரியானதும் எழுந்துக்கலாம்' என்று காத்திருக்காமல், முதலில் சின்னதாக ஒரு செயல். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு, காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடப்பதுகூடப் போதும். மனசு மெதுவாகப் பின்னால் வரும்.

*'நான் எதுக்குமே லாயக்கில்லை', 'ஏதோ கெட்டது நடக்கப்போகுது' என்றே எண்ணம் ஓடுகிறதா?* அதற்கு சிபிடி. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய முறை. எண்ணத்தை எழுதிவைத்து, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று சோதிக்கப் பழக்குவார்கள். வீட்டுப்பாடம் உண்டு. வாரம் ஒன்றாகப் பெரும்பாலும் 12 முதல் 20 செஷன் வரை போகும்.

*பயந்து பயந்து ஒதுங்குகிறீர்களா?* கூட்டத்தில் மூச்சு முட்டும் என்று ஞாயிறு மார்க்கெட் பக்கமே போவதில்லை, பஸ் ஏறுவதில்லை என்றால் 'எக்ஸ்போஷர் தெரபி' உதவும். பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பார்கள். முதல் வாரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டு வருவது, அடுத்து ஒரு ஸ்டாப் போவது என்று நகரும்.

*நெருங்கியவரின் மரணம், பிரிவு, ஓயாத சண்டை, வேலை இழப்புக்குப் பிறகு தொடங்கியதா?* உறவுகளை மையமாக வைத்துப் பேசும் 'இன்டர்பெர்சனல் தெரபி' என்று ஒன்று உண்டு. அதைக் கேளுங்கள்.

இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும். அதனால் முறையை நீங்களே முடிவு செய்துகொண்டு போக வேண்டாம். 'எனக்கு இதுதான் கஷ்டம்' என்று தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

மாத்திரை வேண்டுமா?

லேசான பிரச்னைக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் குலைந்த தீவிர நிலையில் மாத்திரையும் தெரபியும் சேர்ந்தால் பலன் அதிகம். மாத்திரை வேலை செய்ய சில வாரங்கள் ஆகும். 'கொஞ்சம் பரவாயில்லை' என்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தைராய்டு குறைபாடுகூட மனச்சோர்வு மாதிரியே தெரியும் என்பதால், டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினால் ஆச்சர்யப்பட வேண்டாம்.

யோகாவும் தியானமும் துணைக்கு நல்லவை. ஆனால், 'மாத்திரையைத் தூக்கிப்போடு, நான் குணப்படுத்துகிறேன்' என்று யார் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

யாரிடம் போவது?

மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். தெரபி தருபவர் பெரும்பாலும் கிளினிகல் சைக்காலஜிஸ்ட். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 'கவுன்சலர்' என்ற போர்டை மட்டும் வைத்துத் தகுதியை முடிவு செய்யாதீர்கள். என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள்.

செலவு பயம் என்றால் கோரிமேடு ஜிப்மரின் மனநலப் பிரிவிலோ, அரசு மருத்துவமனையிலோ தொடங்கலாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அரசு சேவையில் மனநல சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

முதல் நாளே கேளுங்கள்

1. எனக்கு என்ன பிரச்னை என்று நினைக்கிறீர்கள்?

2. எந்த முறையைப் பயன்படுத்தப்போகிறீர்கள், ஏன்?

3. தோராயமாக எத்தனை செஷன், எவ்வளவு செலவு?

4. முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வோம்?

இதற்குக் கோபப்படாமல், புரியும்படி பதில் சொல்பவரிடம் தொடருங்கள். தெரபிஸ்ட் மீது வரும் நம்பிக்கையும் குணமாவதில் பெரிய பங்கு வகிக்கிறது. முதல் செஷனிலேயே அதிசயம் நடக்காது. அழுது, களைத்துத் திரும்புவதும் சகஜம். 6 முதல் 8 செஷன் வரை கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் மாற்றமே இல்லை என்றால் அவரிடமே சொல்லி முறையை மாற்றச் சொல்லலாம், வேறு ஆளையும் பார்க்கலாம். ஒருவரோடு ஒத்துவரவில்லை என்பதற்காக 'எனக்கு தெரபியே சரிப்படாது' என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு' என்று சொல்வதைவிட, 'முதல் நாள் நானும் கூட வரட்டுமா?' என்று கேட்பது பெரிய உதவி.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு விலகவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் தெரபி தேர்வெல்லாம் அப்புறம். வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள். ஆபத்து என்று தோன்றினால் நேராக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.