365 படிகளும் ஒரு சிட்டிகை உப்பும்

திருத்தணி மலைக்குப் படிகள் 365. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது பக்தர்களின் கணக்கு. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில், படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். ஒரு படியைக்கூட விடுவதில்லை.

அந்தச் சிரத்தையில் ஒரு சிறு பங்கைத் தங்கள் உடம்பின்மீது காட்டினால் போதும். பாரிசவாயு என்னும் பக்கவாதத்துக்கு இரையாகிறவர்களில் பலர் தப்பிவிடுவார்கள்.

விதியா, வினையா?

நேற்று மாலை கடைத்தெருவில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், இன்று காலை வாய் ஒருபுறம் கோணிப் படுக்கையில் கிடக்கிறார். "அவர் நேரம் அப்படி" என்கிறது ஊர். நேரத்தின்மேல் பழி போடுவது சுலபம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. தாக்குவது ஒரு நொடியில். ஆனால் அதற்கான வேலை பல ஆண்டுகளாக உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

அந்த வேலையைச் செய்கிறவர்களில் முதல் குற்றவாளி ரத்தக் கொதிப்பு. நீரிழிவு, கொழுப்பு, புகையிலை, ஒழுங்கு தப்பிய இதயத் துடிப்பு ஆகியவை அதன் கூட்டாளிகள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு ரத்தக் கொதிப்பு. 11 பேருக்கு நீரிழிவு.

பெரியவர்களும் தப்பவில்லை

தேகப்பயிற்சிக்குப் பேர்போனவர் எம்.ஜி.ஆர். நீரிழிவு அவரையும் விட்டுவைக்கவில்லை. 1984 அக்டோபரில் சிறுநீரகம் பழுதாகிச் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதலமைச்சரைப் பக்கவாதமும் தாக்கியது. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு திரும்பினார். ஆனால் 1967இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த பிறகும் மேடையை விடாத அந்தக் குரல், பக்கவாதத்துக்குப் பின் தெளிவு பெறவே இல்லை.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் ரத்த அழுத்தம் 186/108 இருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் குழாய் வெடித்து அவர் இறந்தார். அன்று அதற்குச் சரியான மருந்து உலகில் இல்லை. ஒரு வல்லரசின் தலைவருக்குக் கிடைக்காத அந்த மருந்து, இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தவறாமல் வாங்கி விழுங்கத்தான் ஆளில்லை!

எல்லை மாறியது, நாக்கு மாறவில்லை

திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. எல்லைக்கோடு நகர்ந்தது, நாக்கு நகரவில்லை. தமிழ்ச் சாம்பாரும் தெலுங்கு ஆவக்காயும் ஒரே இலையில் பரிமாறப்படும் ஊர் அது. போதாதென்று அப்பளம், வடகம், மோர்மிளகாய், கடையில் விற்கும் கார வகைகள் வேறு.

ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டி அளவுக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தக் கரண்டிக்குள் அடங்க வேண்டும். உப்பு மிஞ்சினால் உடம்பில் நீர் தங்கும். ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறும்.

சீனாவில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குச் சாதாரண உப்பில் கால் பங்கைக் குறைத்து, அதற்கு ஈடாகப் பொட்டாசிய உப்பைக் கலந்து கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவிகிதம் குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள். சமையலறையில் செய்த ஒரே மாற்றம் அது! ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது.

"தாத்தா ஊறுகாய் தின்றே எண்பது வயது வாழ்ந்தாரே!" என்று கேட்பவர்கள் உண்டு. தாத்தா மலைக்கு நடந்து ஏறினார். வயலில் வியர்வை சிந்தினார். பேரன் மலை உச்சிவரை காரில் போகிறார். தாத்தாவின் ஊறுகாயை மட்டும் வாரிசாகப் பெற்றால் எப்படி?

நின்றுபோகும் மாத்திரை

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. "இப்போது நன்றாயிருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்திவிடுவது. ரத்தக் கொதிப்பு வலிக்காது. வலிக்காத காரணத்தாலேயே அது கொல்கிறது. நன்றாயிருப்பது மாத்திரையால்தான், மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு திரும்பிவிடும். விரத நாட்களிலும் இது பொருந்தும். நீரிழிவுக்காரர் கிருத்திகை விரதம் இருக்க விரும்பினால் முதலில் டாக்டரைக் கேட்கட்டும்.

அப்படியும் வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருப்பது மகா தவறு. தண்ணீரும் புகட்டக்கூடாது. உடனே 108க்குச் சொல்லி, மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

365 படிகளில் ஒன்றை விட்டாலும் வேண்டுதலில் குறை என்று கருதுகிறவர்கள், 365 நாள் மாத்திரையில் ஒன்றை விடலாமா? அடுத்த முறை மலையேறும் முன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு சிட்டிகை உப்பையும் குறைப்பதாக வேண்டிக்கொள்ளட்டும். கை கால் தெம்பாக இருந்தால்தானே காவடி எடுக்க முடியும்!