ஒன்பதாவது வாரத்தில் என்ன செய்வது?

இந்தியர்களில் ஐந்தில் ஒருவருக்கு வைட்டமின் டி குறைவு என்று டெல்லியிலுள்ள இக்ரியர் ஆய்வு நிறுவனம் 2025-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உணவில் சேர்க்க வேண்டும், வரியைக் குறைக்க வேண்டும் என்று யோசனைகளும் சொன்னது. ஐந்தில் ஒருவர் என்பது அடக்கமான கணக்கு. பரிசோதனைக் கூடங்களின் விளம்பரங்களில் அது பாதிப் பேர், முக்கால்வாசிப் பேர் என்று ஏறிக்கொண்டே போகிறது. நாட்டில் இத்தனை பேருக்குக் குறைவு என்றால் இத்தனை நாளாக என்ன மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம், அதை எவ்வளவு கொடுத்தோம், எப்போது நிறுத்தச் சொன்னோம் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

அந்த மருந்து எதுவென்று எல்லோருக்கும் தெரியும். 60,000 யூனிட் சாஷே. பாலில் கலந்து வாரம் ஒரு முறை. மாத்திரையாகவும், சின்னக் குப்பியில் திரவமாகவும் வருகிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் வைட்டமின் டி-க்கு நேரே எண் தடித்த எழுத்தில் இருந்தால், கையோடு இந்தச் சீட்டும் வந்துவிடும். எட்டு வாரம் என்று மருத்துவர் எழுதுகிறார். உண்மையான குறைபாட்டுக்கு அது ஏற்கப்பட்ட சிகிச்சைதான், அதில் எனக்குச் சண்டையில்லை. என் சண்டை ஒன்பதாவது வாரத்தோடு. அந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று சீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. “அண்ணா, அந்த டி சாஷே இன்னும் நாலு குடுங்க” என்று மருந்துக்கடையில் கேட்டால் கிடைத்துவிடுகிறது. முழங்கால் வலி போகவில்லை, சோர்வு போகவில்லை, ஆகவே மருந்தும் போகவில்லை. வீட்டில் ஒருவருக்கு எழுதியது மாமியாருக்கும் பெரியப்பாவுக்கும் பரவுகிறது.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும். ஒரு சாஷேயில் இருப்பது நூறு நாள் தேவை. எட்டு வாரத்தில் எட்டு சாஷே என்றால் 800 நாள் தேவை உள்ளே போய்விட்டது. குறைந்துபோன இருப்பை நிரப்ப அது சரி. நிறுத்தாமல் ஒரு வருடம் ஓட்டினால் 52 சாஷே, 31 லட்சத்து 20 ஆயிரம் யூனிட், அதாவது பதினான்கு ஆண்டுகளுக்கான தேவை ஒரே ஆண்டில். நாள் கணக்கில் பிரித்தால் 8,500-க்கு மேல். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தினமும் தாண்டக் கூடாத உச்சவரம்பு 4,000.

வெயிலையே பார்க்காத இங்கிலாந்தில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் நாளுக்கு 400 யூனிட் எடுத்துக்கொள்ளலாம் என்று 2016-ல் சொன்னார்கள். வாரத்துக்கு 2,800. மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கும் ஊரில் 2,800, பங்குனி வெயிலில் தார் இளகும் ஊரில் 60,000!

இதையெல்லாம் வெறும் பெருக்கல் என்று ஒதுக்கலாம். ஆகவே ஜூரிச் நகரத்துக்குப் போவோம். அங்கே நடந்த ஓர் ஆய்வைப் பற்றி எழுத வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் எழுதிவிடுவது என் வழக்கம், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், எழுபது வயதைக் கடந்த, முந்தைய ஆண்டில் ஒரு முறையாவது கீழே விழுந்திருந்த இருநூறு பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மாதம் 24,000 யூனிட், ஒரு பிரிவுக்கு மாதம் 60,000, மூன்றாவது பிரிவுக்கு 24,000-உடன் வைட்டமின் டி-யின் இன்னொரு வடிவம். ஓராண்டு. கால்கள் வலுவாகும், விழுவது குறையும் என்பது எதிர்பார்ப்பு. குறைந்த அளவு எடுத்தவர்களில் அந்த ஆண்டு விழுந்தவர்கள் 47.9 சதவீதம். 60,000 எடுத்தவர்களில் 66.9 சதவீதம். ரத்தத்தில் வைட்டமின் டி-யின் அளவு நன்றாகவே ஏறியது. விழுவதும் ஏறியது. கால்களின் செயல்பாட்டில் கூடுதல் பலன் ஏதும் கிடைக்கவில்லை.

அது மாதம் ஒரு முறை கொடுத்த 60,000. நாம் அதையே வாரம் ஒரு முறை கொடுக்கிறோம். முழங்கால் வலி என்று வரும் எழுபது வயதுப் பாட்டிக்கு, விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே கொடுக்கிறோம்.

ஜூரிச்சில் நடந்தது தற்செயல் என்பவர்களுக்கு ஆஸ்திரேலியா இருக்கிறது. எழுபது வயதைக் கடந்த 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்கள் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள், எலும்பு முறிவு 26 சதவீதம் அதிகம். எலும்புக்காகக் கொடுத்த மருந்து எலும்பை முறித்த கதை. நம் ஊரில் ஆறு லட்சம் யூனிட் ஊசியே உண்டு என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் கால்கரியில் நாளுக்கு 400, 4,000, 10,000 என்று மூன்று அளவுகளை மூன்று ஆண்டுகள் கொடுத்து 2019-ல் முடிவைச் சொன்னார்கள். எலும்பு வலிமை கூடவில்லை. அதிக அளவு எடுத்தவர்களின் எலும்பு அடர்த்தி, 400 எடுத்தவர்களைவிடக் குறைவாக இருந்தது.

“அவர்களெல்லாம் வெள்ளைக்காரர்கள், குறைபாடே இல்லாதவர்கள், நம் கதை வேறு” என்பது உடனே வரும் பதில். நம் கதை வேறு என்றால் நம் ஊரில் அப்படி ஓர் ஆய்வைச் செய்து காட்டியிருக்க வேண்டும். பதினைந்து வருடங்களாகச் சாஷே விற்பதற்கு நேரம் இருந்தவர்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை போலும். கறுப்புத் தோல், ஏசி அறை, சன்ஸ்கிரீன் என்று அடுக்குபவர்களும் உண்டு. நம் ஜனத்தொகையில் எத்தனை பேர் ஏசி அறையில் சன்ஸ்கிரீன் பூசி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

திருப்பதியிலிருந்து 2007-ல் வெளியான ஆய்வொன்று சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்களிலேயே பத்தில் நான்கு பேருக்கு மேல் வைட்டமின் டி குறைவு என்று சொன்னது, பெண்களில் இன்னும் அதிகம். வயல்வெளி வெயிலில் வாழ்கிறவர்கள் இவர்கள். குறைவு அவர்கள் உடம்பில் இருக்கிறதா, நாம் கிழித்த கோட்டில் இருக்கிறதா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அவர்களின் சாப்பாட்டில் கால்சியமும் மிகக் குறைவு. கேழ்வரகும் மோரும் கொடுத்திருந்தால் எலும்புக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைச் சோதிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

அந்தக் கோட்டின் வரலாறு சுவாரசியமானது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தாலே ஏறக்குறைய எல்லோருக்கும் போதும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் நிபுணர் குழு 2010 இறுதியில் சொன்னது. சில மாதங்களில், 2011-ல், அமெரிக்காவின் ஹார்மோன் நிபுணர்கள் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி கோட்டை 30-க்கு உயர்த்தியது. ஒரே நாளில் கோடிக்கணக்கானவர்கள் நோயாளிகளானார்கள், ஒருவருக்கும் உடம்புக்கு எதுவும் ஆகவில்லை. அந்த வழிகாட்டுதலை எழுதிய குழுவின் தலைவர் மைக்கேல் ஹோலிக். 2013 முதல் 2017 வரை மருந்து நிறுவனங்களிடமிருந்து சுமார் 1,63,000 டாலர் பெற்றார் என்றும், ஒரு பெரிய பரிசோதனைக்கூட நிறுவனத்தின் ஆலோசகராகப் பல்லாண்டு இருந்தார் என்றும் அமெரிக்கப் பத்திரிகைகள் 2018-ல் எழுதின. பணம் தன் கருத்தை மாற்றவில்லை என்றார் அவர். இருக்கலாம். 20-ஐக் குறைபாட்டின் எல்லையாகக் கொள்வதுகூடப் புள்ளியியல் தவறு என்று ஹார்வர்டைச் சேர்ந்த ஜோஆன் மேன்சனும் சக நிபுணர்களும் 2016-லேயே எழுதினார்கள். அதே மேன்சன் தலைமையில் 25,871 பேரில் பாதிப் பேருக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் நாளுக்கு 2,000 யூனிட் கொடுத்து நடத்திய ஆய்வில், புற்றுநோயும் மாரடைப்பும் வருவது குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை.

கடைசியில் 2024 ஜூனில் அதே எண்டோகிரைன் சொசைட்டி தன் 30-ஐத் தானே கைவிட்டது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனையே செய்ய வேண்டாம் என்றது. எழுபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள ஆரோக்கியமான பெரியவர்கள் அன்றாடத் தேவைக்கு மேல் கூடுதலாக எடுக்க வேண்டாம் என்றது. கோட்டைப் போட்டவர்களே அழித்துவிட்டார்கள். நம் ரிப்போர்ட் தாள்களில் மட்டும் 30 இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சோதனையை விற்பவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை.

அதிகமானால் என்னதான் ஆகிவிடும்? வைட்டமின் டி கொழுப்பில் தங்கும், வேண்டாததைச் சிறுநீரில் தள்ளிவிட உடம்பால் முடியாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, பசியின்மை, மனக்குழப்பம். எழுபது வயதில் இந்தப் பட்டியலைப் பார்த்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்.” சிறுநீரகம் பழுதாகிக் கிரியாட்டினின் ஏறிய பிறகுதான் சந்தேகமே வரும். நிறுத்திய மறுநாள் சரியாகிவிடவும் செய்யாது, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். ஸ்ரீநகர் மருத்துவர்கள் 2011-ல் இப்படிப்பட்ட பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். குறைபாடு அதிகம் என்று பெயரெடுத்த காஷ்மீரில், மருத்துவச் சீட்டில் எழுதப்பட்ட வைட்டமின் டி-யாலேயே நஞ்சேறியவர்கள். இங்கிலாந்தில் வைட்டமின் டி நஞ்சேறிய ஒரு முதியவரின் மரணத்தை விசாரித்த அதிகாரி, மருந்துப் பெட்டிமேல் எச்சரிக்கை அச்சிடும்படி 2024-ல் அரசு அமைப்புகளுக்கு எழுதினார். இப்படி நஞ்சேறுவது அரிது, எட்டு வாரத்தோடு நிறுத்தியவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ‘வாரம் ஒன்று’ என்பது ‘தினம் ஒன்று’ என்று காதில் விழுந்தால் போதும், அரிது என்ற சொல் அந்த வீட்டுக்குப் பொருந்தாது. இந்த மருந்தில் அப்படிக் காதில் விழுவது சுலபம், மற்ற மாத்திரை எல்லாம் தினம்தானே.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. காசநோயில், நோய்க்கட்டியிலுள்ள செல்கள் வைட்டமின் டி-யைத் தாமாகவே வீரிய வடிவத்துக்கு மாற்றிவிடும், சிறுநீரகத்தின் கட்டுப்பாடு அங்கே செல்லுபடியாகாது. சாதாரண அளவிலேயே கால்சியம் ஏறக்கூடும். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்பங்கு இந்தியாவில். சோர்வும் எடை இழப்பும் என்று வருகிறவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்குமுன் சாஷே எழுதும் நாடும் இதுதான். ரத்தக் கொதிப்புக்குத் தயசைடு வகை மாத்திரையும், இதயத்துக்கு டிஜாக்சினும் எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

யாருக்கு வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு முதல் வயது வரை நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள், சரியாகச் சொல்கிறார்கள். ரிக்கெட்ஸ் உள்ள பிள்ளை, எலும்பு மெலிந்தவர், வலிப்பு மாத்திரையை நெடுநாள் எடுப்பவர், குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்: இவர்களுக்கு மருத்துவர் எழுதியதை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. மற்ற நம்மைப் போன்றவர்களை இந்த வரிசையில் நிறுத்தியது வியாபாரம்.

ஆகவே வரிச்சலுகை கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை வேறு. 60,000 யூனிட் மருந்து, தேதி போட்ட சீட்டு இல்லாமல் ஒருவருக்கும் விற்கப்படக் கூடாது. ஒரு சீட்டுக்கு எட்டுதான், ஒன்பதாவது வேண்டுமென்றால் ரத்தத்தில் கால்சியமும் கிரியாட்டினினும் பார்த்த பிறகு புதுச் சீட்டு. உறையின் மேல் ‘வாரம் ஒரு முறை மட்டும்’ என்று தமிழில், கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். ஆறு லட்சம் யூனிட் ஊசியைச் சந்தையிலிருந்தே எடுத்துவிடலாம், அதன் இடத்தில் தினசரி மாத்திரை போதும். முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களிலிருந்து வைட்டமின் டி சோதனையை நீக்க வேண்டும், மருத்துவர் காரணம் எழுதினால் மட்டும் செய்யட்டும். இவ்வளவும் செய்தால் வைட்டமின் டி குறைபாட்டு ‘நோயாளிகள்’ இரண்டே வருடத்தில் பாதியாகக் குறைவார்கள் என்று பந்தயம் கட்டத் தயார். மிச்சமாகும் பணத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் 400 யூனிட் சொட்டு மருந்தைக் கைக்குழந்தைகளுக்கு இலவசமாகவே கொடுக்கலாம்.