உண்டியும் உடற்பயிற்சியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த உணவகங்களில், அந்தி சாய்ந்ததும் கொத்து ரொட்டித் தகட்டின் ஓசை எழுகின்றது. அங்கு நாள்தோறும் உண்டு பருத்தோருட் சிலர், பயிற்சியாளரைப் பொருள் கொடுத்து இல்லத்திற்கே வரவழைக்கின்றனர். பயிற்சியை யாம் இகழவில்லை. வாரந்தோறும் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்திற்று. ஆயினும், இரவில் உண்ட எண்ணெயைக் காலையில் எடுக்கும் தண்டால் கரைத்துவிடுமோ? வள்ளுவரின் ‘மருந்து’ அதிகாரத்துப் பத்துக் குறளுள் ஆறு உணவைப் பற்றியன. உடற்பயிற்சி பற்றி ஒன்றேனும் இல்லை. பயிற்சியாளரும் அளவாக உண்ணுமாறே கூறுவர். அவர் படியிறங்கியதும் கைப்பேசி உணவகத்தை அழைக்கின்றது! பயிற்சியே வேண்டுவோர்க்கு, பிரெட்றிக் கோட்டை வாயிலினின்று கோணேசர் ஆலயம்வரை ஏறிச்செல்லும் வழி இருக்கின்றது. அதில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை.