ஓசி அரிசியா?

"ஓசி அரிசியைத் தின்று ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்" என்கிறவரா நீங்கள்? சங்கரன்கோவில் பக்கம் சிவகிரிக்குப் போய், அரைநாள் கூலியை விட்டுவிட்டு ரேஷன் வரிசையில் நிற்கிற அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

1997-ல் மத்திய அரசு, ஏழைக்குத் தனி விலை என்று கோடு கிழித்தது. தமிழ்நாடோ எல்லோருக்கும் பொது என்றே நின்றது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். அமெரிக்காவில் உணவு வங்கிகள் பெரும்பாலும் நன்கொடையை நம்பி ஓடுகின்றன. இங்கே அரிசி கார்டு போதும். எந்தப் புண்ணியவான் தயவும் வேண்டாம்.

கோபம் வந்தால் ரேகை மெஷின் மேல் வரட்டும். களை பறித்துத் தேய்ந்த விரல் பலருக்கு அதில் பதிவதே இல்லை. (கடத்தல் லாரியிடம் ரேகை கேட்பாரில்லை!) ரேகை விழாவிட்டாலும் பொருளை மறுக்கக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. அதைக் கடைச் சுவரில் எழுதிப் போடச் சொல்லி ஒரு மனு கொடுங்களேன், சார்.