தாத்தா துப்பாக்கி பரணில் இருக்கா? கம்பம் பள்ளத்தாக்கில் தூங்கும் வெள்ளைக்காரன் ரைபிள்கள்: பொக்கிஷமா... ஜெயிலா?

தேனி:-

தேர்தல் தேதி அறிவித்தால் போதும். தேனி, போடி, கம்பம், கூடலூர் போலீஸ் நிலையங்களுக்கு துணியில் சுற்றிய நீளமான பொட்டலத்துடன் தோட்டக்காரர்கள் வருவார்கள். உள்ளே இருப்பது லைசென்ஸ் துப்பாக்கி. தேர்தல் முடியும் வரை அது போலீஸ் பாதுகாப்பில் இருக்க வேண்டும். 2024 பாராளுமன்ற தேர்தலுக்கும் இதேதான் நடந்தது.

லைசென்ஸ் புத்தகத்தை புரட்டினால் "டி.பி.பி.எல்." என்று நாலு எழுத்து இருக்கும். இரட்டைக்குழல், பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கி என்று அர்த்தம். யார் செய்தது, எந்த வருஷம், எவ்வளவு மதிப்பு என்பதெல்லாம் பெரும்பாலும் வீட்டுக்காரருக்கே தெரியாது. கேட்டால், "தாத்தா காலத்து துப்பாக்கிங்க. வெள்ளைக்கார துரை கொடுத்தது" என்பார்கள். அதோடு கதை முடிந்தது.

ஆனால் அந்த விவரம் தெரியாமல் இருப்பது இப்போது ஆபத்தாகி வருகிறது. ஒரு பக்கம் நல்ல விலைக்கு போகும் பொருள் வீணாகிறது. இன்னொரு பக்கம் விவரம் தெரியாத பேரன் கம்பி எண்ண வேண்டிய நிலை வரலாம்.

துரைமார் வந்த பாதை

இந்த துப்பாக்கிகள் இங்கே எப்படி வந்தன? பெரியாறு அணை வேலை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. பென்னிகுக் தலைமையில் என்ஜினீயர்களும் கூலி ஆட்களும் நடுக்காட்டில் வருஷக்கணக்கில் கூடாரம் போட்டு கிடந்தார்கள். காட்டு யானையும் காய்ச்சலும் அவர்களை பாடாய் படுத்தின. துப்பாக்கி இல்லாமல் அங்கே இருக்க முடியாது.

அடுத்து வந்தது தேயிலை. மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனில் இருந்து ரோப் காரில் குரங்கணி பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியே போனது. மேகமலையிலும் எஸ்டேட்டுகள் முளைத்தன. இன்று தேசிய பூங்காவாக இருக்கும் இரவிகுளம் அந்த காலத்தில் துரைமார்களின் வேட்டைக்காடு. 1971-ல்தான் கேரள அரசு அதை எடுத்துக்கொண்டது.

சுதந்திரத்துக்கு பிறகு துரைமார் கப்பல் ஏறினார்கள். பல எஸ்டேட்டுகள் கை மாறின. ஏலத்தோட்டமும் துப்பாக்கியும் சேர்ந்தே நம்ம ஊர் குடும்பங்களிடம் வந்தது உண்டு.

சட்டம் மாற்றிய குழல்

வேட்டை ரைபிளில் ஒரு வேடிக்கை உண்டு. 450 போர் ரைபிள்தான் ஒரு காலத்தில் யானை, காட்டெருமை வேட்டைக்கு பேர் போனது. பட்டாள துப்பாக்கியான மார்ட்டினி-ஹென்றியும் அதே அளவு. இந்த தோட்டா கலகக்காரர் கைக்கு போய்விட்டால்? வெள்ளைக்கார அரசுக்கு பயம் வந்தது. இந்தியாவில் 450 போருக்கு தடை போட்டது.

லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1907-ஐ ஒட்டி 470, 465 என்று புதுப்புது அளவில் ரைபிள் செய்து இறக்கின. ஆக, குழலில் 470 என்று இருந்தாலே அது 1907-ஐ ஒட்டியோ அதற்கு பிறகோ செய்தது என்று சொல்லிவிடலாம்.

அந்த பயம் இன்னும் போகவில்லை. 303 பட்டாள ரைபிள் இன்றும் சாதாரண ஆட்களுக்கு தடை செய்யப்பட்ட ரகம். அரசு துப்பாக்கி தொழிற்சாலை பொதுமக்களுக்கு 315 போர் ரைபிளை செய்து விற்பதற்கு காரணம் இதுதான். ராணுவ தோட்டா அதற்கு பொருந்தாது.

எப்படி கண்டுபிடிப்பது?

துப்பாக்கியின் ஜாதகம் குழலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. இரட்டைக்குழலை முன்கட்டையை கழற்றி பிரித்தால் சின்ன சின்ன முத்திரைகள் தெரியும். கிரீடமும் அதன் கீழ் எழுத்தும் இருந்தால் இங்கிலாந்தில் வெடித்து சோதனை செய்த அடையாளம். லண்டன், பர்மிங்காம் என்று இரண்டு ஊரில் சோதனை கூடம் உண்டு. பர்மிங்காம் கூடம் 1813-ல் வந்தது. கிரீடத்துக்கு கீழ் "என்.பி." என்று இருந்தால் புகையில்லா மருந்துக்கு சோதித்தது என்று பொருள்.

அடுத்து கம்பெனி பெயர். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், கிரீனர், வெப்லி ஸ்காட்... இவையெல்லாம் பெரிய கைகள். சிலவற்றில் மெட்ராஸ் கடைகளின் பெயரும் இருக்கும். அது விற்ற கடையின் பெயர். செய்தவர் வேறு.

மூன்றாவது சீரியல் நம்பர். ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனிகள் பழைய கணக்கு புத்தகங்களை பத்திரமாக வைத்திருக்கின்றன. நம்பரை வைத்து, எந்த வருஷம், யாருக்கு விற்றது என்பதை அவர்களிடமே கேட்டு தெரிந்துகொள்ளலாம்.

அந்த விவரத்துக்குத்தான் மதிப்பு. சம்பாவத் ஆட்கொல்லி புலியை 1907-ல் சுட்ட ஜிம் கார்பெட்டுக்கு பரிசாக கொடுத்த ரிக்பி ரைபிளை, 2015-ல் ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கியது. எல்லா துப்பாக்கிக்கும் அந்த யோகம் வராது. ஆனாலும் 1980-களில் வெளிநாட்டு துப்பாக்கி இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்ட பிறகு, உள்ளூரில் இருக்கும் இங்கிலீஷ் துப்பாக்கிகளுக்கு மவுசு கூடியதே தவிர குறையவில்லை.

ஏமாற்றும் ரகமும் உண்டு. ஹாலண்ட் கம்பெனியின் "பாரடாக்ஸ்" துப்பாக்கி பார்க்க சாதாரண ரவை துப்பாக்கி மாதிரி இருக்கும். குழல் வாயில் சில அங்குலத்துக்கு மட்டும் உள்ளே வரி வெட்டியிருக்கும். குண்டும் போடலாம், ரவையும் போடலாம். விவரம் தெரியாதவர் லைசென்சில் வெறும் டி.பி.பி.எல். என்று எழுதி விடுவார்.

"பழசுக்கு லைசென்ஸ் வேண்டாம்" உண்மையா?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "நூறு வருஷ பழசு... அதுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று டீக்கடையில் சொல்வதை நம்பினால் ஆபத்து. 1959 ஆயுத சட்டத்தின் 45-வது பிரிவு பழைய ஆயுதத்துக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு. ஸ்பிரிங் மாற்றினால் வெடிக்கும் என்றால் அது துப்பாக்கியேதான்.

கலைப்பொருள் ரக ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை என்று 2020 பிப்ரவரியில் மத்திய அரசு விதியை தளர்த்தியது. ஆனால் அதை சுடவோ, வெளியே எடுத்துப்போகவோ லைசென்ஸ் வேண்டும். தன் துப்பாக்கி கலைப்பொருள்தான் என்று வீட்டுக்காரர் தானாக முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 2019 திருத்தத்துக்கு பிறகு குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அதே திருத்தம் அதை 2 ஆக குறைத்தது. வாரிசாக வந்தாலும் அதே கணக்குதான்.

லைசென்ஸ்தாரர் இறந்தால் லைசென்சும் அவரோடு போய்விடும். துப்பாக்கியை தாமதம் இல்லாமல் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயருக்கு மனு போடலாம். அப்பா சாகும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 விதிகள் இடம் தருகின்றன. இதை செய்யாத குடும்பங்கள்தான் பின்னால் அலைகின்றன. கெடுவுக்குள் யாரும் உரிமை கோராத துப்பாக்கி அரசுக்கு போய்விடும்.

மலைக்கு இந்த பக்கம்... அந்த பக்கம்

துப்பாக்கி சுத்தமாக இருக்கிறதே, தோட்டத்துக்கு வரும் பன்றியை சுடலாமா? கம்பம்மெட்டை தாண்டினால் ஒரு சட்டம், தாண்டாவிட்டால் ஒரு சட்டம். கேரளாவில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை சுட, லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்களை பஞ்சாயத்து தலைவரே அனுமதிக்கலாம் என்று 2022-ல் முடிவானது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அறிவிப்புப்படி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை மட்டுமே சுடலாம். விவசாயி கை வைக்கக்கூடாது.

மேகமலையோ 2021-ல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள் புகுந்து ஊரையே ஓட விட்டபோதும், மயக்க ஊசி போட்டு பிடித்தது வனத்துறைதான். யானைக்காக செய்த பெரிய ரைபிளுக்கு இன்று யானை முன்னால் வேலை கிடையாது.

பழைய குழலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கரிமருந்து காலத்தில் இரும்பு பட்டையை முறுக்கி செய்த டமாஸ்கஸ் குழலில் அலை அலையாக கோடு தெரியும். அதில் இன்றைய தோட்டாவை போட்டு வெடித்தால் குழல் கிழியலாம். கை போய்விடும்.

என்ன செய்யலாம்?

அடுத்த தேர்தலுக்கு துப்பாக்கிகள் போலீஸ் நிலையத்துக்கு வரும்போது கம்பெனி பெயர், நம்பர், முத்திரை மூன்றையும் குறித்து வைத்தாலே பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் கிடைத்துவிடும். அரசுக்கு போகும் துப்பாக்கியில் அரிய ரகம் இருந்தால், சுட முடியாதபடி செய்து அருங்காட்சியகத்துக்கு கொடுக்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்கள் ஏற்கனவே காட்சிக்கு இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது அதைவிட சுலபம். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, எந்த தேதி வரை இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்து, தாத்தா போட்டோவில் மாலையோடு இருந்தால்... அந்த துப்பாக்கி இனி பரணில் இருக்கக்கூடாது!